26 கதிரைகளும் பஃபலோ பாதையும்

2025 நவம்பர் 1, மேஜர் லீக் பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி. ஸ்கோர் 4-4. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ரொறன்ரோ புளூ ஜேஸ் வீரர்கள். டோல்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை இரண்டாம் பேஸ் பக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் தடுமாறியபடி பிடித்து, ரன்னாகும் கடைசித் தளமான ஹோமுக்கு எறிந்தார். மூன்றாம் பேஸிலிருந்து சறுக்கி வந்தவர் மயிரிழையில் அவுட். ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம் அன்றே ரொறன்ரோவுக்கு வந்திருக்கும்.

ஓடி வந்தவர் ஐசையா கைனர்-ஃபலெஃபா. அவர் ஏன் மூன்றாம் பேஸில் அவ்வளவு ஒட்டி நின்றார் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதுதான் அதைவிடச் சுவாரசியமான கேள்வி. பிட்ஸ்பர்க் விட்டுவிட்டபோது, ஓகஸ்ட் 31ஆம் திகதி, அதாவது பருவ முடிவின் கிண்ணச் சுற்றான பிளேஓஃப் ஆடத் தகுதி கிடைக்கும் கடைசி நாளில், வேவர் (ஓர் அணி விடுபவரை மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் முறை) வழியாக ஜேஸ் எடுத்த ஆள் அவர். முழங்காலில் அடிபட்டிருந்த போ பிஷெட் பேஸுக்குப் போனதும் அவருக்குப் பதிலாக ஓட இறக்கப்பட்டார். அதோடு முடியவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் ஜேஸ் 5-4 என்று பின்னுக்கு நிற்க, விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இரண்டு பேஸ் அடித்துத் தொடங்கினார். அடுத்து பிஷெட் நிற்கவேண்டிய இடம். அந்த ஆண்டு .311 சராசரியில் அடித்தவர், அன்றிரவே டொட்ஜர்ஸின் ஒஹ்தானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் போட்டவர். ஆனால் மட்டையோடு வந்தவர் கைனர்-ஃபலெஃபா. பந்தை மெல்லத் தட்டி விளாடியை மூன்றாம் பேஸுக்கு நகர்த்திவிட்டு அவர் அவுட்டானார். அடுத்து வந்த பார்ஜருக்கு வோக், அதாவது நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ். பிறகு அலெஹாண்ட்ரோ கேர்க்கின் மட்டை முறிந்து, டபுள் பிளே, ஒரே அடியில் இருவர் அவுட், எல்லாம் முடிந்தது.

உலகத் தொடரின் கடைசிப் பந்துகள் பட்டியலின் கடைசி ஆளிடம் வந்து சேர்ந்த கதை இது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 2026 அணியைப் பார்க்க வேண்டும். இதை எழுதுவது 2026 ஜனவரிக் கடைசியில். குளிர்காலம் முழுக்க பிஷெட் போனதும், புதிய அணி தேடிய நட்சத்திரம் கைல் டக்கர் வராததும்தான் பேச்சு. அந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலின் அடிப்பகுதியைக் கணக்குப் பார்ப்போம். அணியில் எத்தனை கதிரைகளை அசைக்கலாம், எத்தனையை அசைக்க முடியாது என்பதுதான் அந்தக் கணக்கு.

முதலில் விதிகள். தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஆட்ட நாளன்று பயன்படுத்தக்கூடியவர்கள் 26 பேர்; அதில் பந்துவீச்சாளர் 13க்கு மேல் போகக் கூடாது. செப்டெம்பரில் மட்டும் 28, பந்துவீச்சாளர் 14. இதற்கு வெளியே 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. கீழ்நிலை அணியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டுமென்றால் அவர் அந்த 40க்குள் இருக்கவேண்டும். ஐபிஎல்லில் 25 பேரை எடுத்துவிட்டால் பருவம் முடியும்வரை கிட்டத்தட்ட அவர்களோடுதான் காலம் தள்ளவேண்டும். இங்கே அப்படியில்லை. 40க்குள் இருக்கும் இளைஞர்களை ‘ஒப்ஷன்’ என்ற ஏற்பாட்டில் மேலும் கீழும் அனுப்பலாம். ஒருவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு அந்த ஏற்பாடு செல்லும். ஒரே பருவத்தில் ஐந்து தடவைக்கு மேல் கீழே அனுப்ப முடியாது. கீழே போன பந்துவீச்சாளர் 15 நாளும் மற்றவர்கள் 10 நாளும் அங்கேயே இருக்கவேண்டும், மேலே யாராவது காயப்பட்டால் மட்டும் விலக்கு. ஐந்தாண்டு சேவை முடித்தவரை அவர் சம்மதமில்லாமல் அனுப்பவே முடியாது. ஜேஸுக்கு அந்தக் கீழ்நிலை அணி பஃபலோவில் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து எல்லை தாண்டி இரண்டு மணி நேரக் கார்ப்பயணம். மற்ற அணிகள் பல விமானம் பிடிக்கும்போது ஜேஸ் ஒரு காரை அனுப்பினால் போதும். சின்ன வசதிதான், ஆனால் ஆறு மாதத்தில் 162 ஆட்டம் என்று வரும்போது அது சின்னதல்ல.

போனவர்கள், வந்தவர்கள். பிஷெட் நியூயோர்க் மெட்ஸோடு மூன்றாண்டு, 126 மில்லியன் டொலர். ஜேஸ் கொடுத்த 22.025 மில்லியன் ஓராண்டு அழைப்பை அவர் மறுத்ததால் ஈடாக, புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ட்ராஃப்டில் ஒரு தேர்வு கிடைக்கும். ஆனால் ஜேஸ், மொத்தச் சம்பளம் எல்லை தாண்டியதற்கான ஆடம்பர வரி கட்டும் அணி. ஆகவே அது நான்காம் சுற்று முடிந்த பிறகுதான். மறுபக்கம் பந்துவீச்சாளர் டிலன் சீஸ் ஏழாண்டு, 210 மில்லியன். அவரும் அதே அழைப்பை சான் டியேகோவில் மறுத்தவர் என்பதால் ஜேஸ் தன் இரண்டாவது உயர்ந்த தேர்வையும் ஐந்தாவது உயர்ந்த தேர்வையும் இழக்கிறது. வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் ஒரு மில்லியனும் போகிறது. கசுமா ஒகமோட்டோ நான்காண்டு, 60 மில்லியன். அதற்கு மேல் அவரை விட்டுக்கொடுத்த ஜப்பானிய அணி யொமியுரி ஜயண்ட்ஸுக்குத் தனிக் கட்டணம்: முதல் 25 மில்லியனுக்கு 20 வீதம், அடுத்த 25க்கு 17.5 வீதம், மீதி 10க்கு 15 வீதம். கூட்டினால் 10.875 மில்லியன். இன்னும் மூன்று பந்துவீச்சாளர்கள்: கோடி பொன்ஸ் மூன்றாண்டு, 30 மில்லியன். டைலர் ரொஜேர்ஸ் மூன்றாண்டு, 37 மில்லியன். ஷேன் பீபர் வெளியே போய் அதிகம் கேட்டிருக்கலாம். 16 மில்லியனை ஏற்றுக்கொண்டு இருந்துவிட்டார்.

ஆடம்பர வரியின் முதல் கோடு 2026இல் 244 மில்லியன், கடைசிக் கோடு 304. தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கோட்டைத் தாண்டும் அணி 304க்கு மேலே செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 90 சதம் வரி. ஜேஸ் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதன் பொருள் எளியது: ஜூலையில் 10 மில்லியன் சம்பளக்காரர் ஒருவர் தேவைப்பட்டால் அவர் 19 மில்லியன் பெறுமதியாகத் தெரிவார். அதனால் ஓட்டைகளைச் சம்பளம் குறைந்தவர்களால், அதாவது பஃபலோவால், அடைப்பதுதான் கணக்கு.

இனி களம். துடுப்பாட்டப் பக்கத்தின் 13 கதிரைகளை இன்றைக்கே பென்சிலால் நிரப்பிவிடலாம். கேச்சர்கள் கேர்க், டைலர் ஹைனிமன். உட்களத்தில் விளாடி, ஏர்னி கிளமென்ட், அன்ட்ரேஸ் ஹிமேனெஸ், ஒகமோட்டோ. இரண்டு பக்கமும் போகக்கூடியவர்கள் அடிசன் பார்ஜர், டேவிஸ் ஷ்னைடர். வெளிக்களத்தில் வார்ஷோ, நேதன் லூக்ஸ், மைல்ஸ் ஸ்ட்ரோ, அந்தனி சந்தாண்டேர். ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் பெரும்பாலும் துடுப்பாட்டம் மட்டும். எண்ணிப் பாருங்கள், 13 சரியாக வரும். வசதியாகத்தான் தெரிகிறது. இடிக்கும் இடம் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப்.

பிஷெட் ஷோர்ட்ஸ்டொப்பில் நின்றவரையில் அவர் மட்டை கொடுத்ததில் கொஞ்சத்தை அவர் கால்கள் திருப்பி எடுத்துக்கொண்டன. பக்கவாட்டில் அவர் வீச்சுக் குறைவு. இப்போது அந்த இடம் ஹிமேனெஸுக்கு. கிளீவ்லண்டில் இரண்டாம் பேஸில், சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறையை மூன்று தடவை வாங்கியவர். செப்டெம்பரில் பிஷெட் அடிபட்டபோது ஷோர்ட்ஸ்டொப்புக்கு மாறி, தடுமாற்றமில்லாமல் ஆடிக் காட்டினார். கிளமென்ட் இரண்டாம் பேஸ், ஒகமோட்டோ மூன்றாம் பேஸ். தரையில் வரும் பந்துகளுக்கு நடுவில் இப்போது ஓட்டையே இல்லை. மூன்றாம் பேஸில் மட்டும் கிளமென்ட் போனது கொஞ்சம் இழப்பு. ஒகமோட்டோ ஜப்பானில் மூன்றாம் பேஸுக்கே தங்கக் கையுறை வாங்கியவர் என்பதால் அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் ஹிமேனெஸ் 2025இல் ஆடியது 101 ஆட்டம். தொடைத் தசை, பிறகு கணுக்கால். அதே கணுக்கால் மே மாதத்தில் சுளுக்கிக்கொண்டது என்று வையுங்கள். கிளமென்ட் ஷோர்ட்ஸ்டொப்புக்கு. இரண்டாம் பேஸுக்கு ஷ்னைடர். அப்போது இடக்கைப் பந்துவீச்சாளர் வரும்போது இடது வெளிக்களத்தில் நிற்கவேண்டிய ஷ்னைடர் அங்கே இல்லை, ஆகவே ஸ்ட்ரோ. ஸ்ட்ரோ தொடக்கத்திலிருந்தே ஆடினால் எட்டாவது இன்னிங்ஸில் பதிலோட்டத்துக்கு ஆளில்லை. ஒரு கணுக்கால் மூன்று இடத்தைக் கலைத்து, கடைசியில் கைனர்-ஃபலெஃபா நின்ற அதே கதிரையை வெறுமையாக்குகிறது. 14ஆவதாக உண்மையான ஷோர்ட்ஸ்டொப் ஒருவர் பஃபலோவில் தயாராக இருக்கவேண்டும். மட்டை பரவாயில்லை, பந்தைப் பிடித்து எறிந்தால் போதும். பெரிய ஒப்பந்தங்களுக்குப் பிறகு ஜேஸ் செய்யவேண்டிய அடுத்த வேலை இதுதான். செலவும் அதிகமில்லை, கீழ்நிலை ஒப்பந்தத்தோடு வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு, அவ்வளவுதான்.

மட்டைப் பக்கத்தில் பிஷெட்டின் இடம் நிரம்பிவிட்டதா? இல்லை. 181 ஹிட், தன் மட்டையால் அணிக்குச் சேர்த்த 94 ரன், இதை ஒரே ஆளால் நிரப்ப முடியாது. 2025 ஜேஸின் பலமே பந்தை மட்டையில் படவைப்பது. குழுச் சராசரி .265, மேஜர் லீக்கில் முதலிடம். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக்அவுட் ஆவதிலும் மிகவும் கஞ்சத்தனம். ஒகமோட்டோவைப் பற்றிக் கவலைப்படவேண்டிய இடம் இது. ஜப்பானின் மத்திய லீக்கில் மூன்று தடவை ஹோம் ரன் முதல்வர், 2023இல் 41. 2025இல் முழங்கை அடிபட்டு 69 ஆட்டமே ஆடினாலும் .327, 15 ஹோம் ரன். திறமையில் கேள்வியில்லை. ஆனால் ஜப்பானில் தினமும் பார்த்த வேகப்பந்தைவிட இங்கே தினமும் வரும் பந்து மணிக்குச் சில கிலோமீற்றர் கூட. அந்த வித்தியாசம் மட்டை வேகத்தில் தெரியாது. எந்தப் பந்தை விடலாம் என்று முடிவெடுக்கும் கண நேரத்தில் தெரியும். ஏப்ரலில் உள்பக்க உயரப் பந்தை அவர் தவறவிடுவார். உடனே எட்டாம் இடத்துக்கு இறக்காமல் ஐந்து அல்லது ஆறிலேயே விட்டுவைக்கவேண்டும். 150 தடவை மட்டைக்கு வந்த பிறகு தீர்ப்புச் சொன்னால் போதும்.

ஹிமேனெஸின் மட்டை வேறு கதை. கடந்த ஆண்டு .210. அவர் ஒன்பதாம் இடம், அதில் விவாதமில்லை. களத்தடுப்புக்காக ஆடும் ஷோர்ட்ஸ்டொப் ஒருவரைத் தாங்கும் வலு இந்த அணிக்கு உண்டு. இரண்டு பேரைத் தாங்காது. அதனால்தான் வார்ஷோ முக்கியம். 2024 செப்டெம்பரில் செய்த தோள் அறுவை, பிறகு தொடைத் தசை என்று 2025இல் 71 ஆட்டமே ஆடினார். அதற்குள் 20 ஹோம் ரன். நடு வெளிக்களத்தில் அவருக்கு நிகர் அணியில் ஸ்ட்ரோ மட்டும், ஆனால் ஸ்ட்ரோவின் மட்டையில் ஹோம் ரன் இல்லை. வார்ஷோ 130 ஆட்டம் ஆடினால் பிஷெட் இழப்பில் பாதியை அவரே அடைத்துவிடுவார். மற்றப் பாதி ஸ்பிரிங்கரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். .309, 32 ஹோம் ரன் அடித்தவர், ஆனால் செப்டெம்பரில் 37 வயது, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. அதே எண்களை மறுபடி எதிர்பார்ப்பது பேராசை. 24 ஹோம் ரன் அடித்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சந்தாண்டேரை என்ன செய்வது? 2024இல் பால்ட்டிமோரில் 44 ஹோம் ரன். அதை நம்பி ஐந்தாண்டு, 92.5 மில்லியன். முதல் ஆண்டில் 54 ஆட்டம், .175, தோள் வலி. அவர் தோள் சரியில்லையென்றால் அந்தக் கதிரை ஜோயி லோபர்ஃபிடோவுக்குப் போகலாம், லூக்ஸுக்கு நிறைய ஆட்டம் கிடைக்கலாம். பெயரளவில் இறக்கம், நடைமுறையில் பெரிய இறக்கமில்லை. பிளேஓஃப் முழுக்க இந்த அணியை இழுத்து வந்தவர்கள் பெரிய ஒப்பந்தக்காரர்கள் மட்டுமல்ல. கிளமென்ட் அந்த ஒரு மாதத்தில் 30 ஹிட் அடித்தார், ஒரே பிளேஓஃபில் அது சாதனை. உலகத் தொடர் வரலாற்றில் பதில் ஆளாக இறங்கி முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆளிருக்க ஹோம் ரன்) அடித்த பார்ஜர், அதற்கு முந்தைய இரவு டேவிஸ் ஷ்னைடரின் ஹோட்டல் அறைச் சோபாவில் படுத்தவர்.

கேர்க்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் 2026இல் அவர் வேலையின் இலக்கணம் மாறுகிறது. பந்தை அசையாமல் வாங்கி, ஓரத்தில் வந்ததை நடுவருக்கு ஸ்ட்ரைக்காகக் காட்டுவதில் அவர் லீக்கின் முன்வரிசை. இந்தப் பருவத்திலிருந்து நடுவர் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடலாம். ஓர் அணிக்கு இரண்டு முறையீடு; வென்றால் கையிருப்புக் குறையாது. பந்துவீச்சாளர், கேச்சர், துடுப்பாட்டக்காரர் மூவர் மட்டும், உடனடியாக, தொப்பியைத் தட்டிக் கேட்கவேண்டும். பெஞ்சிலிருந்து சைகை கூடாது. கிரிக்கெட் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிதில்லை, ஆனால் 15 வினாடி யோசிக்கவெல்லாம் நேரமில்லை. இயந்திரம் ஸ்ட்ரைக் என்று ஏற்கும் எல்லை, அதாவது சோன், துடுப்பாடும் ஆளின் உயரத்தைப் பொறுத்தது: மேல் எல்லை உயரத்தின் 53.5 வீதம், கீழ் எல்லை 27 வீதம். 173 செ.மீ. உயரமான கேர்க் மட்டையோடு நின்றால் சோன் தரையிலிருந்து ஏறத்தாழ 47 செ.மீ. தொடங்கி 92 செ.மீ. வரை. நியூயோர்க் யாங்கீஸின் 201 செ.மீ. ஆரன் ஜட்ஜுக்கு 54 தொடங்கி 107 வரை. கேர்க்கின் நெஞ்சுக்கு வரும் பந்தை நடுவர் பழக்கதோஷத்தில் ஸ்ட்ரைக் என்றால் இனி அவர் தலையைத் தட்டலாம்.

பிடிப்பவராக அவருக்கு இதில் நட்டமா? கொஞ்சம் உண்டு, எதிரணியும் முறையிடும் என்பதால். ஆனால் இரண்டு முறையீடுதான். மீதிப் பந்துகளை நடுவரே தீர்மானிப்பார், அங்கே கேர்க்கின் கை வேலை செய்யும். 2025 வசந்தகாலச் சோதனையில் முறையிட்ட தீர்ப்புகளில் பாதிக்குச் சற்று மேல் மாறின. அதிகம் சரியாகக் கேட்டவர்கள் கேச்சர்கள், மோசமாகக் கேட்டவர்கள் பந்துவீச்சாளர்கள். தன் பந்து தனக்குப் பொன்பந்துதானே. ஜேஸ் செய்யவேண்டியது: பந்துவீச்சாளர்களுக்கு முறையீடே இல்லை என்று முகாமிலேயே சொல்லிவிடுவது. ஆறாவது இன்னிங்ஸுக்கு முன் ஒன்றைக் கட்டாயம் மிச்சம் வைப்பது. இதில் எதிர்பாராத அனுகூலம் ஒன்று பொன்ஸ். கொரிய லீக் 2024 முதலே எல்லாப் பந்துக்கும் இயந்திரத் தீர்ப்புத்தான். அந்த எல்லைக்குள் வீசித்தான் அவர் 2025இல் ஹன்வா ஈகிள்ஸுக்கு 17-1, 252 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து லீக்கின் சிறந்த வீரரானார்.

பந்துவீச்சு. தொடக்கக்காரர் ஏழு பேர், இடம் ஐந்து. கெவின் கோஸ்மன், சீஸ், ட்ரே யெசாவேஜ், பீபர், பொன்ஸ். வெளியே ஹொசே பெரியோஸ், எரிக் லாவர். மிதமிஞ்சிய வசதி போலத் தெரியும். இன்னிங்ஸைக் கூட்டிப் பார்த்தால் தெரியாது.

162 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் தொடக்கக்காரர்கள் ஆட்டத்துக்கு ஐந்தேகால் இன்னிங்ஸ் எடுத்தால் 850. மீதி 600 புல்பென்னுக்கு, அதாவது இடையில் இறங்கி வீசுபவர்களுக்கு. கோஸ்மன் கடந்த ஆண்டு 193 வீசினார், அதற்கு மேல் பிளேஓஃப். அவருக்கு 180 போடுவோம். சீஸ் 2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் 32 ஆட்டமாவது தொடங்கியவர். அந்த ஐந்தாண்டிலும் 200க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட். ஆனால் வோக் கொடுத்து, பந்து எண்ணிக்கையை ஏற்றி, ஐந்தாவது இன்னிங்ஸில் களைத்துவிடுவார். 2025இல் 4.55 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி) வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 170. பீபர் 2024 ஏப்ரலில் முழங்கைத் தசைநார் அறுவை செய்தவர், 2025 ஓகஸ்டில்தான் திரும்பினார். 130க்கு மேல் கேட்கக் கூடாது. பொன்ஸ் கடந்த ஆண்டு 180 வீசினார், ஆனால் கொரியாவில் திங்கட்கிழமை லீக்குக்கே ஓய்வு. இங்கே ஐந்தாம் நாளே மேட்டில் ஏறவேண்டும். 140.

யெசாவேஜ்தான் சிக்கல். 2025ஐ டனீடினில், கீழ்நிலை அணிகளின் ஏ நிலையில் தொடங்கி, நான்கு படிகளை ஒரே கோடையில் தாண்டி, செப்டெம்பர் 15 அன்று மேலே வந்து, ஐந்தாவது உலகத் தொடர் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸில் 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வோக்கும் இல்லை. எல்லா நிலையையும் கூட்டினால் அந்த ஆண்டு அவர் வீசியது ஏறத்தாழ 140. இளம் கைக்கு அடுத்த ஆண்டு 25, 30 கூட்டலாம், 60 கூட்டக் கூடாது. மேலும் தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, அதில் ஸ்ப்ளிட்டர். விரல்களை அகட்டிப் பிடிக்கும் அந்தப் பந்து முன்கையைச் சோதிக்கும். ஏப்ரலிலேயே வாரம் தவறாமல் ஓட்டினால் செப்டெம்பரில் அவர் இருக்கமாட்டார், ஒக்டோபரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவருக்கு 150 வைப்போம்.

கூட்டுங்கள்: 180, 170, 130, 140, 150. 770. தேவை 850. யாரும் காயப்படாமல், எல்லாம் நினைத்தபடி நடந்தாலே 80 குறைகிறது. பெரியோஸும் லாவரும் உதிரிகள் இல்லை. அந்த 80ஐயும், பீபரோ பொன்ஸோ விழுந்தால் வரும் இன்னொரு 100ஐயும் அடைக்கப்போகிறவர்கள்.

பெரியோஸை விற்றுவிடலாம் என்ற குரல் பலமாகக் கேட்கிறது. 2025இல் 166 இன்னிங்ஸ், 4.17 ஈ.ஆர்.ஏ., கடைசியில் புல்பென்னுக்கு மாற்றப்பட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காயப்பட்டியலுக்குப் போய், பிளேஓஃபில் இல்லாமல் போனார். மனக்கசப்பு இருக்கும். ஆனால் முழங்கை வீங்கி முடிந்த ஓர் ஆண்டுக்குப் பிறகு அவரை விற்றால் சம்பளத்தில் பாதியை ஜேஸே கட்டவேண்டியிருக்கும், கைக்கு ஒன்றும் வராது. மார்ச் 20 வரை பொறுத்தால் ஏழு பேர் ஐந்தாக இயல்பாகவே சுருங்கிவிடுவார்கள். எந்த முகாமும் ஏழு நல்ல முழங்கையோடு முடிவதில்லை. 2026 முடிந்ததும் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமை பெரியோஸுக்கு உண்டு. நன்றாக வீசுவதால் அவருக்கே இலாபம்.

ஆறு பேர் சுழற்சி? ஏப்ரலில் ஓய்வு நாட்கள் கூட, அப்போது ஆறு பேர் வைத்தால் ஒருவருக்கு ஏழு நாள் இடைவெளி வந்து கை விறைத்துவிடும். அதோடு 13 பேர் வரம்பில் ஆறு தொடக்கக்காரர் என்றால் புல்பென்னில் ஏழுதான். ஓய்வில்லாத நீண்ட ஓட்டம் வரும்போது மட்டும் லாவரை இடையில் நுழைப்பது நல்லது. உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தின் 18 இன்னிங்ஸ் இரவில் நாலரை இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன் கொடுக்காமல் தாங்கியவர். எந்த நேரத்திலும் எழுந்து வீசக்கூடிய கை.

புல்பென்னில் ஜெஃப் ஹொஃப்மன் 2025இல் 33 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்) எடுத்தார், 15 ஹோம் ரனும் கொடுத்தார். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவதில் ரோஹாஸ் அடித்த ஹோம் ரனை அந்த 15இல் சேர்க்கவில்லை. அவரை ஒன்பதாவதுக்கென்றே ஒதுக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ரொஜேர்ஸ் வந்திருப்பதால் இப்போது வேறு வழி உண்டு. மணலை உரசுமளவுக்குக் கையைத் தாழ்த்தி, மணிக்கு 134 கி.மீ. வேகத்தில் வீசுகிறவர், 2025இல் 1.98 ஈ.ஆர்.ஏ. ஆறு இன்னிங்ஸ் சீஸின் 156 கி.மீ. பந்தைப் பார்த்த கண்ணுக்கு அடுத்ததாக இவரைக் காட்டினால் மட்டை முந்திப் போகும், பந்து தரையில் உருளும். உருளும் பந்தை அள்ள ஹிமேனெஸும் கிளமென்டும் வேண்டும். மறுபடி அந்தக் கணுக்காலிடம்தான் வந்து நிற்கிறோம்: அது சுளுக்கினால் 37 மில்லியன் ரொஜேர்ஸும் கொஞ்சம் மலிந்துவிடுவார்.

இனி கதிரைக் கணக்கு. தொடக்கக்காரர் ஐந்து. பெரியோஸ், லாவர் சேர்ந்தால் ஏழு. ஹொஃப்மன், ரொஜேர்ஸ், ஒரே பிளேஓஃபில் 15 ஆட்டம் வீசிச் சாதனை படைத்த லூயிஸ் வார்லண்ட், யிமி கார்சியா என்று பதினொன்று. இடக்கை பிரெண்டன் லிட்டில் பன்னிரண்டு. மிச்சம் ஒன்று. அதற்கு மேசன் ஃப்ளூஹார்ட்டி, பிரேடன் ஃபிஷர், டொமி நான்ஸ், அத்தோடு விதி 5 தேர்வில் (மற்ற அணி தன் 40க்குள் சேர்க்காதவரை எடுக்கும் முறை) சான் பிரான்சிஸ்கோவிடமிருந்து எடுத்த ஸ்பென்சர் மைல்ஸ். மைல்ஸை 1,00,000 டொலர் கட்டி எடுத்தாயிற்று. ஆனால் பருவம் முழுக்க 26க்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். கீழே அனுப்ப நினைத்தால் முதலில் மற்ற அணிகளுக்குக் காட்டி, பிறகு 50,000க்குப் பழைய அணியிடம் திருப்பிக் கொடுக்க முன்வரவேண்டும்.

இது ஏன் வலிக்கும் என்று ஒரு வாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் செவ்வாய், 12 இன்னிங்ஸ் ஆட்டம். பதின்மூன்றாமவர் 38 பந்து, லாவர் 50. புதன் பீபர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியே. வியாழன் காலை புதிய கை ஒன்று வேண்டும். பஃபலோவிலிருந்து ஒருவர் காரில் ஏறுகிறார், சரி; யார் இறங்குவது? கோஸ்மனையோ ஹொஃப்மனையோ இறக்க முடியாது. பெரியோஸ் சம்மதிக்கவேண்டும். பதின்மூன்றாமவர் மைல்ஸ் என்றால், அவரைத் தொட்டால் இழப்பு. ஃபிஷர் என்றால் இறங்கலாம், ஆனால் 15 நாளுக்குத் திரும்ப முடியாது, அதற்குள் இன்னொரு நீண்ட ஆட்டம் வராது என்று யார் சொல்வது? பதின்மூன்று கதிரையில் ஒன்றே ஒன்று மட்டும் அசைந்தால், களைத்த கைகளை யாரும் களைப்பாறவிட முடியாது. புல்பென் ஓகஸ்டில் சரிவதற்கு வழக்கமான காரணம் திறமைக் குறைவல்ல, ஏப்ரலில் இப்படி ஏறிய பந்து எண்ணிக்கைதான்.

பிப்ரவரி நடுவில் முகாம் திறந்ததும் 60 நாள் காயப்பட்டியல் பயன்பாட்டுக்கு வரும். அதில் போடப்படுபவர் 40இல் எண்ணப்படமாட்டார். முழங்கை அறுவைக்குப் பின் வரும் கார்சியா முகாமில் எப்படி வீசுகிறார் என்பதைப் பொறுத்து அங்கே ஓர் இடம் திறக்கலாம். திறந்தால் ஃப்ளூஹார்ட்டி, ஃபிஷர் இருவரும் மேலே வந்து, அசையும் கதிரை இரண்டாகும். லிட்டிலோடு இன்னோர் இடக்கையும் கிடைக்கும். ஒருவர் குறைந்தது மூன்று துடுப்பாட்டக்காரருக்கு, அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும்வரை, வீசியே தீரவேண்டும் என்ற விதியில் இரண்டு இடக்கை இருப்பது ஆடம்பரமல்ல.

மார்ச் கடைசியில் பட்டியல் வரும்போது மேலே உள்ள பெயர்களில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. பதின்மூன்றாவது பந்துவீச்சாளரின் பெயரைத் தேடுங்கள். ஃபிஷர் என்றிருந்தால் பஃபலோ பாதை திறந்திருக்கிறது. மைல்ஸ் என்றிருந்தால், ஏப்ரலில் ஓர் ஆட்டம் பன்னிரண்டாவது இன்னிங்ஸைத் தொடும் இரவில் அணி மேலாளர் ஜோன் ஷ்னைடர் புல்பென் தொலைபேசியை எடுத்துவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறார் என்று பாருங்கள்.